யெமன் உள்நாட்டுப் போரும் நச்சுவாயுச் சான்றுகளும்

குற்றச்சாட்டு வேறு, சான்று வேறு. வட யெமன் உள்நாட்டுப் போரில் (1962–1970) குடியரசுக்குத் துணைநின்ற எகிப்தியப் படைகள் நச்சுவாயு வீசியதாக 1963இலேயே முறையீடுகள் எழுந்தன. ஐக்கிய நாடுகள் பார்வையாளர் அவ்வாண்டு சான்றேதும் காணவில்லை. மலைக்கிராமங்களை அடைவது அரிது. நாள் செல்லச் செல்லத் தடயங்கள் மறையும்.

1967 மே மாதத்திலோ, கஹார் கிராமம் தாக்கப்பட்ட சில நாள்களில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் மருத்துவர்கள் அங்கு சென்றனர். புதைகுழியைத் தோண்டிப் பரிசோதித்து, நுரையீரல் வீக்கத்தைக் கண்டனர். அவர்தம் அறிக்கையை ஆராய்ந்த பேர்ண் பல்கலைக்கழகச் சட்டமருத்துவ நிறுவனமும் நச்சுவாயுவே காரணம் என்ற முடிவை ஏற்றது. எகிப்து மறுத்தது, ஜூன் மாதத்தில் வெளியான செஞ்சிலுவைக் குழுவின் அறிக்கையும் தாக்கியவரைப் பெயர் குறிக்கவில்லை.

எனவே, வாயு வீசப்பட்டதா என்பதும், வீசியவர் எவர் என்பதும் தனித்தனியே நிறுவப்படவேண்டிய வினாக்களாகும். நாசரின் ஏகாதிபத்திய எதிர்ப்பை மதிக்கும் நாம், அதன் பொருட்டுக் கஹாரின் புதைகுழியை மறத்தல் தகாது.