இரும்பை நம்பிய மதுரை வாத்தியார்

பெங்களூரு ஹைவேல ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது கார் கம்பெனிகளைப் பார்த்திருப்பீங்க. பிஒய்டியோட அட்டோ 3 மின்சாரக் கார் இங்கேதான் அசெம்பிள் ஆச்சு. அதுல இருக்கிறது எல்எஃப்பி பேட்டரி. அதாவது லித்தியம், இரும்பு, பாஸ்பேட். சீன பிராண்டுதான். ஆனா அந்த வேதியியலோட வேர்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார். பேர் ஆறுமுகம் மந்திரம்.

1951ல தென் தமிழ்நாட்டுல அமரபுரம்னு ஒரு சின்ன கிராமத்துல பிறந்தவர். மதுரையில வேதியியல், சென்னை ஐஐடியில பிஎச்டி. அப்புறம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல 4 வருஷம் விரிவுரையாளர். 1985ல ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் ஜான் குட்இனஃப்கிட்ட சேர்ந்தார். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஆஸ்டினுக்கு மாறினாங்க.

குட்இனஃப் குழு 1980லயே கோபால்ட் ஆக்சைடை வச்சு 4 வோல்ட் எடுத்துக் காட்டியிருந்தது. ஆனா கோபால்ட் விலை அதிகம். இரும்பு மலிவு, ஆனா இரும்பு ஆக்சைடுல 2.5 வோல்ட்கூட வராது. மந்திரமும் குட்இனஃபும் ஆக்சைடை விட்டுட்டு, இரும்பு சல்ஃபேட் மாதிரி சேர்மங்களைச் சோதிச்சாங்க. வோல்டேஜ் 3.6க்கு ஏறுச்சு!

காரணம் ஒரு கயிறு இழுக்கிற போட்டி மாதிரி. ஆக்சிஜன் நடுவுல. ஒரு பக்கம் இரும்பு, இன்னொரு பக்கம் கந்தகம். கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் பலமா இழுக்குது. அதனால இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிடி தளருது. பிடி தளர்ந்தா வோல்டேஜ் கூடும். 1987லயும் 1989லயும் இதைக் கட்டுரைகளா வெளியிட்டாங்க. அந்த வழியிலேயே போய், 1997ல குட்இனஃப் குழு கந்தகம் இருந்த இடத்துல பாஸ்பரஸை வச்சு எல்எஃப்பியைக் கொண்டுவந்தது.

2019ல குட்இனஃபுக்கு வேதியியல் நோபல். அவருக்கு அப்போ 97 வயசு. ஸ்டாக்ஹோம்ல அவர் சார்பா நோபல் உரையை நிகழ்த்தினது மந்திரம்தான்.

இப்போ ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். உலகத்துல எல்எஃப்பி செல்கள்ல பெரும்பகுதியைச் சீனா தயாரிக்குது. 2024 ஏப்ரல்ல ஹூண்டாய், எக்ஸைடு எனர்ஜியோட ஒப்பந்தம் போட்டது. இந்த செல்லை இந்தியாவுலயே செய்யணும்ங்கிறதுதான் நோக்கம். நல்ல விஷயம்தான்.

ஆனா ஆலையைச் சில வருஷத்துல கட்டிடலாம். அதுக்குள்ள போற பொருளைக் கண்டுபிடிக்க, 1987ல ஆரம்பிச்சு 10 வருஷம் ஆச்சு. கார்கள்ல பரவலா ஓட இன்னும் பல வருஷம். காரைக்குடியில 1953லயே மின்வேதியியலுக்குன்னு சிக்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தவங்க நாம. அக்கறை இல்லாத ஊர் இல்ல இது. ஆனா இன்னைக்கு மதுரையில பாடம் நடத்துற ஒரு இளம் விரிவுரையாளர் இதே மாதிரி ஒரு யோசனையோட வந்தா, 10 வருஷம் காத்திருக்க நம்ம தொழிற்சாலைகளும் அரசும் தயாரா இருக்கா? காரிடார்ல அடுத்த ஆலைக்கு பூஜை போடும்போது, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.