35-ங்கிற நம்பர் எங்கிருந்து வந்துச்சு?

இன்னைக்கு ஒரு நம்பரோட வரலாறு பார்க்கப் போறோம்.

முசிறியில் ஒருத்தர்னு வச்சுப்போம். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. சர்க்கரை மாத்திரைக்குக் கட்டுப்படல. சாப்பாட்டைக் குறைச்சுப் பார்த்தாச்சு, நடந்தும் பார்த்தாச்சு. குணசீலம் வழியா பஸ் பிடிச்சு திருச்சிக்கு வந்து டாக்டரைப் பார்க்கிறார். எடைக் குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொல்றார். இன்சூரன்ஸ் கம்பெனி முடியாதுங்குது.

கணக்கு சின்னதுதான். எடையை உயரத்தின் வர்க்கத்தால வகுத்தா பி.எம்.ஐ. இவருக்கு 33.8 வருது. பாலிசி கேட்கிறது 35. அதாவது, இன்னும் மூணு கிலோ சொச்சம் எடை ஏறினா இவருக்குப் பணம் கிடைக்க வழி இருக்கு! எடையைக் குறைக்கணும்னு வந்த மனுஷனை ஏத்திட்டு வான்னு சொல்ற கண்டிஷன் இது.

கம்பெனி இதைத் தன் இஷ்டத்துக்குப் போடல. ரொம்ப காலம் நம்ம ஊர் மெடிக்ளெய்ம் பாலிசிகள்ல உடல் பருமன் சிகிச்சைன்னாலே பெரும்பாலும் கிடையாதுதான். 2019 செப்டம்பர்ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு வழிகாட்டுதல் கொண்டு வந்தது. எதையெல்லாம் விலக்கலாம், எந்த வாசகத்துல விலக்கணும்னு எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தாங்க. அதுல ஆறாவது குறியீடு உடல் பருமன். டாக்டர் பரிந்துரைச்சிருக்கணும், மருத்துவ நெறிமுறை ஆதரிக்கணும், வயசு 18 ஆகியிருக்கணும், பி.எம்.ஐ. 40 இருக்கணும். இல்லேன்னா 35-ஓட கடுமையான இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை மாதிரி ஒண்ணு இருக்கணும்; அதுக்கும் முன்னாடி ஆபரேஷன் இல்லாத வழிகள் தோத்திருக்கணும். நியாயமா சொன்னா இது ஒரு முன்னேற்றம்தான். பூட்டியிருந்த கதவுக்கு ஒரு சாவி கிடைச்சது. ஆனா அந்தச் சாவி வேற வீட்டுப் பூட்டுக்குச் செஞ்சது.

40, 35 ரெண்டும் அமெரிக்காவுல இருந்து வந்தவை. 1991 மார்ச்ல அங்கே தேசிய சுகாதார நிறுவனம் ஒரு மாநாடு கூட்டி, யாருக்கு இந்த ஆபரேஷன் பண்ணலாம்னு முடிவு பண்ணாங்க. அன்னைக்கு இது வயித்தைத் திறந்து பண்ற பெரிய ஆபரேஷன். சின்னத் துளை போட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பி பைபாஸ் அதுக்கப்புறம்தான் வந்தது. அவ்வளவு ஆபத்துக்கு ஈடா நன்மை இருக்கிறவங்களுக்கு மட்டும்னு கோட்டை மேல வச்சாங்க. அந்த 40, சராசரி உயரத்துக்கு, ‘சரியான எடை’யை விட சுமார் 100 பவுண்ட், அதாவது 45 கிலோ கூடங்கிற பழைய அளவுக்குப் பக்கத்துல வருது.

சரி, அந்த ‘சரியான எடை’யை முதல்ல அட்டவணையா போட்டுப் பரப்பினது யாரு? இன்சூரன்ஸ் கம்பெனி! நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் 1942-43 வாக்குல தன் அட்டவணையை வெளியிட்டது. எந்த உயரத்துக்கு எந்த எடைக்காரங்க அதிக நாள் வாழ்றாங்கன்னு பாலிசிதாரர்களோட இறப்புக் கணக்கை வச்சுப் போட்டது. பிரீமியம் நிர்ணயிக்கிறவங்க கணக்கு டாக்டர் மேஜைக்குப் போய், அங்கிருந்து சுத்தி மறுபடியும் இன்சூரன்ஸ் விதியாவே வந்து நிக்குது.

பி.எம்.ஐ. சூத்திரம் இதை விடப் பழசு. 1830-கள்ல பெல்ஜியத்தோட கெத்தலே என்கிற புள்ளியியல்காரர் கண்டுபிடிச்சது. 1972-ல ஆன்சல் கீஸ் குழு பல நாட்டு ஆண்களை அளந்து பார்த்து அதுக்கு பி.எம்.ஐ.னு பேர் வச்சாங்க. அந்த ஆண்கள்ல இந்தியர் இல்லை.

இந்திய உடம்புக்கும் இன்சூரன்சுக்கும் இந்தப் பிரச்சினை புதுசும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டுல இங்கே தொழில் பண்ணின வெள்ளைக்கார கம்பெனிகள் இந்தியர் உயிருக்குக் கூடுதல் பிரீமியம் வாங்கினாங்க. 1870-ல தொடங்கின பாம்பே மியூச்சுவல்தான் அந்தக் கூடுதல் இல்லாம இந்தியருக்கு பாலிசி கொடுத்தது. அன்னைக்கு நம்ம உடம்பு மட்டம்னு தனியா நிறுத்தினாங்க. இன்னைக்கு எல்லார் உடம்பும் ஒண்ணுன்னு ஒரே கோட்டுல நிறுத்துறோம். ரெண்டாவது கேட்க நல்லா இருக்கு. ஆனா சர்க்கரை நோய் அப்படி நினைக்கல.

2004-ல லான்செட் இதழ்ல ஒரு படம் வந்தது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், பிரிட்டிஷ் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதே நம்பர், ரெண்டு மடங்குக்கும் மேல கொழுப்பு. நமக்கு அது வயித்துல சேருது, சீக்கிரமே சர்க்கரையைக் கொண்டு வருது. அதனால 2009-ல இந்திய மருத்துவர்கள் கூடி ஒரு கருத்தொற்றுமை ஆவணம் வெளியிட்டாங்க. அதன்படி ஆபரேஷன் எல்லை 37.5, கூட நோய் இருந்தா 32.5. முசிறிக்காரர் அதுக்குள்ள வந்துடறார். டாக்டர் சரின்னு சொன்னது இந்தக் கணக்குலதான்.

2009-லயே இந்திய நம்பர் வந்தாச்சு. பத்து வருஷம் கழிச்சு, 2019-ல எழுதின விதியில அமெரிக்க நம்பர் உட்கார்ந்திருக்கு. ஆபீஸ்ல இதை அடிக்கடி பார்க்கிறேன்: யாரோ எப்பவோ கோடுல நேரடியா எழுதி வச்ச ஒரு நம்பர், காரணம் மறைஞ்ச பிறகும் காப்பி ஆகிட்டே இருக்கும். ஆனா ஒரு சாஃப்ட்வேர்ல அது வெறும் பக். இங்கே லட்சக்கணக்குல பணம். பல பேருக்கு அது நிலத்தை அடமானம் வைக்கிற விஷயம்.

‘மத்த வழிகள் தோத்திருக்கணும்’ங்கிற வரிதான் எனக்கு இன்னும் உறுத்துது. தோல்விக்கு ரசீது எங்கே? காவிரிக் கரையில தினமும் காலையில நடந்தவருக்கு யாரு சர்டிபிகேட் கொடுப்பா? அமெரிக்காவுல பல கம்பெனிகள் மாசக்கணக்குல டாக்டர் மேற்பார்வையில டயட் இருந்த ஆதாரம் கேட்டாங்க. அங்கேயுள்ள எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் சங்கம் 2016-ல, இந்த நிபந்தனைக்கு ஆதாரம் இல்லைன்னு எழுத்துலயே சொன்னது. இங்கே நிலைமை என்னன்னா, ஒவ்வொரு தடவையும் எடையை டாக்டர் சீட்டுல தேதியோட எழுதி வாங்கி வைக்கிறதுதான் வழி. மூணு மாச சராசரி சர்க்கரை ரிப்போர்ட், தூக்கப் பரிசோதனை, டயட் ஆலோசனை சீட்டு, எல்லாத்தையும் சேர்த்து வைக்கணும். பாலிசி புதுசுன்னா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலமும் இருக்கு. 2024 ஏப்ரல்ல இருந்து அது அதிகபட்சம் 36 மாசம்.

1991-ல போட்ட கோட்டை அறுவை மருத்துவர்களே 2022-ல அழிச்சுட்டாங்க. உலகச் சங்கமும் அமெரிக்கச் சங்கமும் சேர்ந்து, கூட நோய் இல்லாட்டியும் 35 போதும், ஆசியர்களுக்கு 27.5-லயே யோசிக்கலாம்னு புது வழிகாட்டுதல் கொடுத்தாங்க. நம்ம பாலிசி புத்தகங்கள்ல பெரும்பாலும் இன்னும் அதே 40, 35. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எழுதினது விலக்கோட வாசகம்தான். அதை விடத் தாராளமா ஒரு கம்பெனி கொடுக்கிறதை அது தடுக்கல. அதனால பாலிசி வாங்குறதுக்கு முன்னாடியே ஆறாவது குறியீட்டைப் படிங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல வாங்குங்க. சென்னையில இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கார், புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. ஆனா அவர் பார்க்கிறதும் பாலிசியில எழுதியிருக்கிற நம்பரைத்தான்.