வேட்டையும் சுமையும்

வேட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வில்லின் வலிமையைப் பேசுவார்கள். துப்பாக்கியின் திறத்தைப் பேசுவார்கள். குறி தவறாத கண்ணைப் புகழ்வார்கள். விழுந்த விலங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் யார், எவ்வாறு கொண்டுவந்தான் என்று கேட்பவர் மிகச் சிலரே. அரசர்கள் வேட்டைக்குச் சென்றால், சுமப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். காட்டுப் பன்றியைத் துரத்திச் சென்ற கண்ணப்பருக்குக்கூட நாணனும் காடனும் துணையாக வந்தார்கள். துணை ஒருவரும் இன்றித் தனியே காட்டுக்குச் சென்றவன், தன் உடல் எடைக்குச் சமமான ஒரு மானை வீழ்த்திவிட்டால் என்ன செய்வான்? இக்கேள்வி சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், வட அமெரிக்காவின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி நம் கண்முன் விரிகிறது.

இக்கேள்வி என் மனத்தில் எழக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் விஸ்கான்சின் என்றொரு மாநிலம் உண்டு. அங்கே பணிபுரியும் என் மகனுடைய வீட்டில் ஒரு நவம்பர் மாதத்தைக் கழித்தேன். அம்மாதத்தின் பிற்பகுதியில் ஒன்பது நாட்கள் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாட அங்கே அனுமதி உண்டு. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் உரிமம் பெற்று அந்நாட்களில் காடு செல்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். என் வயதினர்; பண்ணைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்; எப்போதும் தனியாகவே வேட்டைக்குச் செல்பவர். ஒருநாள் நண்பகலில் அவர் தொலைபேசியில் அழைத்தார். "மான் கிடைத்துவிட்டது. வண்டியில் ஏற்றுவதைக் காண விரும்பினால் வாருங்கள். ஆனால் எனக்குக் கை கொடுக்க வேண்டாம்" என்றார்.

என் மகன் என்னைக் காட்டுப் பாதையின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டான். பனி கணுக்கால் அளவு கிடந்தது. குடல் முதலியவற்றை அவர் காட்டிலேயே நீக்கியிருந்தார். இதனால் விலங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இறைச்சியும் விரைவில் குளிர்ந்து கெடாமல் இருக்கும். அவ்வாறு குறைத்த பின்னும் எழுபது கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டார். முன்னங்கால்களை மடக்கிக் கொம்புகளோடு சேர்த்துக் கட்டி, தலை முன்னே வரும்படி இழுத்தார். தலைப்பக்கமாக இழுத்தால் உடலின் மயிர் படிந்து வழுக்கிக்கொண்டு வரும். வால்பக்கமாக இழுத்தால் மயிர் சிலிர்த்துத் தடுக்கும். பதினைந்து அடி இழுப்பார், நிற்பார், மூச்சு சீரான பிறகே மீண்டும் கயிற்றைப் பற்றுவார்.

வண்டி நின்ற இடந்தான் என் கவனத்தைக் கவர்ந்தது. பின்புறம் திறந்த சுமைத்தட்டுள்ள மோட்டார் வண்டி அது. பாதையோரம் இருந்த பள்ளத்தில் பின்சக்கரங்களை இறக்கி, மேட்டை நோக்கிப் பின்பக்கமாக அதை நிறுத்தியிருந்தார். ஆகவே தட்டின் விளிம்பும் மேட்டின் விளிம்பும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. இடையே ஒரு பலகை. தட்டின் முன்கோடியில் ஒரு கப்பி. மானை மேட்டின்மேல் கொண்டுவந்து, கயிற்றைக் கப்பியில் கோத்து, கைப்பிடியால் இயக்கும் சிறு சுருள் பொறியை மெல்லத் திருப்பினார். பத்து நிமிடத்தில் மான் வண்டியில் இருந்தது. அவர் அதைத் தூக்கவே இல்லை.

நம் ஊரில் பெரிய மரத்துண்டை ஏற்ற வேண்டுமானால், மாடுகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியை மேலே உயர்த்தி, வண்டியின் பின்புறத்தைத் தரையில் படியவைத்து உருட்டி ஏற்றுவதை இளமையில் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே அறிவுதான். சுமையை வண்டிக்கு உயர்த்தாதே, வண்டியைச் சுமைக்குத் தாழ்த்து என்பதே அது.

வகுப்பறையில் பல ஆண்டுகள் சாய்தளத்தையும் கப்பியையும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். இரண்டரை அடி உயரமுள்ள தட்டுக்கு எழுபது கிலோவை நேராகத் தூக்கினால், அவ்வளவு எடையும் இடுப்பிலும் முதுகிலும் விழும். பத்து அடிப் பலகையைச் சாய்த்து அதன்மேல் இழுத்தால், உராய்வைக் கணக்கில் கொள்ளாதவரை, நான்கில் ஒரு பங்கு விசை போதும். சுமையோடு நகரும் கப்பி ஒன்றையும் சேர்த்தால் அதிலும் பாதி போதும். ஆனால் இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் இரட்டிப்பாகும். விசையில் பெற்ற ஆதாயத்துக்குத் தொலைவில் விலை கொடுக்கிறோம். ஆர்க்கிமிடீசும் அலெக்சாந்திரியா நகரத்து ஹெரானும் ஆராய்ந்து சொன்ன இந்த உண்மை, தனியாக நிற்கும் மனிதனுக்கு இறைவன் தந்த துணையாள் போன்றது.

உதவி வேண்டாம் என்று ஏன் சொன்னார் என வினவினேன். "என் தந்தை ஒருமுறை பனியில் ஒரு மைல் தூரம் மானை இழுத்து வந்தார். வீடு வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு பதினோராண்டுகள் உயிரோடிருந்தார். ஆனால் காட்டுக்கு மட்டும் போகவில்லை. அன்று முதல் நான் மானைத் தேடுவதற்கு முன்னால், வண்டி நிற்கும் இடத்தைத் தேடுகிறேன். தனியாக ஏற்ற முடியாத இடத்தில் மான் நின்றால் சுடாமல் விட்டுவிடுகிறேன். நாளை நீங்கள் இருக்கமாட்டீர்கள்; துணைக்கு ஆள் இருக்கிறார் என்ற பழக்கம் எனக்கு வரக்கூடாது" என்றார். வீடு திரும்பிய பின்னும் அச்சொற்கள் என் நினைவை விட்டு அகலவில்லை. சுமக்க முடிந்த அளவே கொல்வது என்ற வரம்பை அவர் தாமே தமக்கு விதித்துக்கொண்டிருந்தார். அந்நாட்டின் வரலாற்றை அந்த நோக்கோடு புரட்டிப் பார்த்தேன்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்னர், இன்றைய ஐக்கிய நாடுகளின் பரப்பில் வெண்வால் மான்கள் சுமார் மூன்று கோடி இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். சுப்பீரியர் ஏரியைச் சுற்றி வாழ்ந்த ஒஜிப்வே முதலிய குடிகள் மானின் இறைச்சியை உண்டார்கள், தோலை உடுத்தார்கள், எலும்பால் கருவி செய்தார்கள். நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் சுமை தூக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. பனிக்காலத்தில், முன்முனை வளைந்த மெல்லிய பலகைச் சறுக்குவண்டியில் சுமையை இழுத்தார்கள். 'டொபாகன்' என்ற அதன் பெயரே அப்பழங்குடி மொழிக் குடும்பத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. மேற்கே சமவெளி மக்கள் இரண்டு கழிகளை நாயின் முதுகில் கட்டித் தரையில் இழுக்கச் செய்தனர்; ஸ்பானியர் வழியாகக் குதிரை வந்தபின் குதிரையிலும் கட்டினர். தனியே வேட்டையாடியவன் ஊருக்கு வந்து இடத்தைச் சொல்ல, குடும்பத்தார் சென்று இறைச்சியைக் கொண்டுவருவதும் உண்டு. எவ்வழியாயினும் மனிதன், நாய், குதிரை ஆகியோரின் முதுகுக்கு மிஞ்சிய வேட்டை பயனற்றது. அந்த முதுகே அக்காலத்து வரம்பு.

இவ்வரம்பு முதலில் தளர்ந்தது தோல் வாணிகத்தால். முழு மான் கனமானது. உரித்து உலர்த்திய தோல் இலேசானது. ஒரு மானைச் சுமக்கத் திணறுகிறவன் பல தோல்களைக் கட்டாகத் தூக்கிவிடுவான். 1699 முதல் 1715 வரை தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்குச் சராசரி ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மான்தோல்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. வேட்டையாடியவர்களிற் பெரும்பாலோர் பழங்குடியினர். துப்பாக்கியும் துணியும் கொடுத்துத் தோலை வாங்கியவர்கள் வெள்ளை வணிகர்கள். தோலே நாணயம்போல வழங்கிற்று. கலைமானைக் குறிக்கும் 'பக்' என்ற சொல் இன்றும் டாலருக்குப் பேச்சுவழக்குப் பெயராக இருப்பதற்கு அந்தத் தோல் வாணிகமே காரணம் என்பர்.

இரண்டாவது தளர்ச்சி இன்னும் பெரிது. 1869ஆம் ஆண்டில் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதை முடிவுற்றது. 1877ஆம் ஆண்டில் விஸ்கான்சினின் வடகோடியிலுள்ள ஆஷ்லண்ட் நகரை ரயில் எட்டியது. குளிரூட்டிய பெட்டிகளும் வழக்கத்துக்கு வந்தன. அன்று முதல் வேட்டைக்காரன் மானைத் தன் வீடுவரை கொண்டுபோக வேண்டியதில்லை. நிலையம்வரை கொண்டுபோனால் போதும். அப்பால் நீராவி சுமந்தது. மரம் வெட்டும் முகாம்களுக்கும் சிக்காகோ போன்ற பெருநகரங்களின் உணவு விடுதிகளுக்கும் மான் இறைச்சி சரக்காகச் சென்றது. சுமையின் பாரம் தெரியாத இடத்தில் கொலையின் அளவும் தெரியாமற் போயிற்று. 1900ஆம் ஆண்டளவில் நாடு முழுவதிலும் ஐந்து இலட்சத்துக்கும் குறைவான வெண்வால் மான்களே எஞ்சியிருந்தன என்பது மதிப்பீடு. பல மாநிலங்களில் மானைக் காண்பதே அரிதாகிவிட்டது.

இந்த அழிவுக்குக் கண்ட மருந்து என்ன என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வேட்டையைத் தடுக்கும் சட்டங்கள் மாநிலங்களில் முன்னரே இருந்தன. ஆனால் எல்லை தாண்டிய சரக்கை எவரும் கேட்கவில்லை. 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கனெக்டிகட் மாநிலம் தொடர்ந்த ஒரு வழக்கில், வேட்டைப் பறவைகளை மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்க மாநில அரசுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அயோவா மாநிலத்துப் பிரதிநிதி ஜான் லேசி கொண்டுவந்த சட்டம் 1900ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மற்றொரு மாநிலத்துக்கு அனுப்புவது நாட்டுக் குற்றம் என்றது அச்சட்டம். அனுப்பும் பொதியின் மேல் அனுப்பியவர் பெயரும் உள்ளிருக்கும் பொருளும் தெளிவாக எழுதப்படவேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டம் துப்பாக்கியைத் தடுக்கவில்லை, சுமையைத் தடுத்தது. ரயில் எடுத்துவிட்ட பாரத்தைச் சட்டம் மீண்டும் வேட்டைக்காரனின் தோளில் வைத்தது என்று சொல்லலாம்.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' மாதிரி வண்டி 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1925ஆம் ஆண்டில் அதே மாதிரியில் பின்தட்டுச் சுமைவண்டி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு 281 டாலருக்கு விற்கப்பட்டது. முன்சக்கரக் காப்புத் தகட்டின்மேல் மானைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வரும் வண்டிகள் அக்காலப் புகைப்படங்களிற் காணப்படும். ஆனால் இம்முறை வண்டியோடு விதியும் உடன் வந்தது. விஸ்கான்சினில் 1925 முதல் பத்தாண்டுக் காலம் ஓராண்டு விட்டு ஓராண்டே மான் வேட்டை நடந்தது. வேட்டையாடிய மானை நேரிற் கொண்டுவந்து பதிவு நிலையத்தில் காட்டும் முறையும் நெடுங்காலம் இருந்தது. 2015ஆம் ஆண்டு முதல் தொலைபேசியிலோ இணையத்திலோ மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்துவிடலாம். 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கும் தீர்வையை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கியது. இவை எல்லாம் சேர்ந்து இன்று மான்களின் தொகை மீண்டும் ஏறக்குறைய மூன்று கோடியை எட்டியிருக்கிறது. விளைநிலங்களுக்கு அவற்றால் சேதமும் உண்டு. ஆகவே அளவோடு வேட்டையாடுவதை அங்கே பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள்.

2002ஆம் ஆண்டில் விஸ்கான்சினில் மான்களின் மூளையைத் தாக்கி மெலியச் செய்து கொல்லும் நோய் கண்டறியப்பட்டது. அது பரவாதிருக்க, நோயுள்ள பகுதிகளிலிருந்து மூளையும் முதுகெலும்பும் உள்ள முழு உடலைக் கொண்டுவரக்கூடாது என்று பல மாநிலங்கள் தடை செய்துள்ளன. பார்த்தீர்களா! நூறாண்டுக்குப் பின்னும் சட்டம் வண்டியிலுள்ள சுமையின்மேலேயே கண் வைத்திருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம். அது அவ்வாறே இருப்பது நல்லது. நான் இங்கே சொன்னது வேட்டை கற்பிப்பதற்காக அன்று. ஒரு செயலின் பாரத்தைச் செய்பவனே சுமக்கும்வரை அச்செயலுக்கு ஓர் அளவு இருக்கிறது. அந்தப் பாரத்தை வேறொருவர்மேல், அல்லது வேறோர் இயந்திரத்தின்மேல் ஏற்றிவிட்டால் அளவு மறைந்துவிடுகிறது. ஆற்று மணலை எடுக்கும்போதும் நிலத்தடி நீரை இறைக்கும்போதும் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய பாடம் இது. கூடையும் ஏற்றமும் வைத்திருந்த வரம்பு, பொறிகள் வந்தபோது எங்கே போயிற்று என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் அவரிடம் விடைபெறச் சென்றேன். கப்பியைத் துடைத்து எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த ஆண்டும் போவீர்களா?" என்று கேட்டேன். "போவேன். ஆனால் இன்னும் சிறிய மானாகப் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லிச் சிரித்தார்.