கோல்டு ஸ்பாட்டை நிறுத்தியவர் யார்?

நின்றுபோன குளிர்பானங்களைப் பற்றிய நினைவேக்கம் பெரும்பாலும் சுவையையே பேசுகிறது. அவை மறைந்த காரணத்தை உடைமையின் வரலாற்றில் தேட வேண்டும்.

அந்நிய நிறுவனங்கள் தம் பங்குரிமையை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டுமென 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கோரியது. அதற்கு இணங்காத கோகோ கோலா, 1977இல் ஜனதா ஆட்சியின்போது இந்தியாவை விட்டு வெளியேறியது. அவ்விடத்தை நிரப்ப, மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலவையைக் கொண்டு, அரசு நிறுவனமான மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் ‘டபுள் செவன்’ பானத்தை விற்றது. ஆட்சி மாறிய ஆண்டே அதன் பெயராயிற்று. ஆனால் சந்தையில் நிலைத்தவை பார்லேயின் தம்ஸ் அப், பியூர் டிரிங்க்ஸின் கேம்பா கோலா முதலிய தனியார் பானங்களே.

1993இல் திரும்பிவந்த கோகோ கோலா, பார்லேயின் வணிகச் சின்னங்களை விலைக்கு வாங்கியது. தம்ஸ் அப்பும் லிம்காவும் எஞ்சின. கோல்டு ஸ்பாட்டோ ஃபான்டாவுக்கு வழிவிட்டு நிறுத்தப்பட்டது. அம்முடிவை எடுத்தவர்கள் அதைக் குடித்தவர்கள் அல்லர்.

2022இல் கேம்பாவை ரிலையன்ஸ் வாங்கியது. மறு ஆண்டே அது கடைகளுக்குத் திரும்பியது. பொதுப்பணத்தில் பிறந்த டபுள் செவன் மீளவில்லை. மக்களின் நினைவுகளுள் எது மீண்டும் பண்டமாகும் என்பதைச் சின்னத்தின் உரிமையாளரே தீர்மானிக்கிறார். நினைவேக்கத்தை ஆராய்வோர் முதலில் படிக்க வேண்டியவை விற்பனைப் பத்திரங்களே.