செண்பகனூர் இயேசு சபை ஆவணக் காப்பகம்

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் நிறுவப்பட்ட திரு இருதயக் கல்லூரியில் அமைந்தது. பழைய மதுரை மிஷன் கடிதங்களின் படிகளும் அவற்றைச் சார்ந்த நூல்களும் இங்குத் திரட்டப்பட்டன.

இக்கடிதங்களின் இயல்பை அறிய ஒரு பழைய மரபை நோக்கலாம். எல்லா நாட்டு நிகழ்வுகளையும் ஒரே ஆண்டு வரிசையில் கோக்கும் முயற்சி கிறித்தவத்தில் தொன்மையானது. 4ஆம் நூற்றாண்டில் யூசேபியுசு பல இனத்து அரசர்களின் ஆட்சியாண்டுகளைப் பத்தி பத்தியாக அருகருகே நிறுத்தினார். எரோணிமுசு அதை இலத்தீனாக்கி 378 வரை நீட்டினார். அடுத்த நூற்றாண்டின் ஒரோசியுசு போரிலும் பஞ்சத்திலும் கடவுளின் தீர்ப்பைக் கண்டார். மதுரைக் கடிதங்களை இம்மரபின் நேர் வாரிசு என்பது மிகையாகலாம். அவை மேலிடத்துக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகள். ஆயினும் ஆண்டுக் கணக்கு, கடவுள் தீர்ப்பு என்னும் இரு குணங்களும் அவற்றில் தெரிகின்றன.

1606இல் இயேசு சபைத் துறவி நோபிலி மதுரைக்கு வந்தது முதல் கடிதங்கள் கிடைக்கின்றன. அரசியல் செய்தி செறிந்தவை அந்நூற்றாண்டின் பிற்பாதிக்குரியவை. புரோவென்சா அடிகளின் 1659ஆம் ஆண்டுக் கடிதம் மைசூர்ப் படையின் மூக்கறுப்புப் போரை விரிவாகச் சொல்கிறது: ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி மூக்கும் மேலுதடும் அறுக்கப்பட்டன. மதுரை மன்னர் திருமலை நாயக்கரின் பெருங்குணங்களை ஒப்புக்கொள்ளும் அவரே, தம் சூழ்ச்சிகளால் விளைந்த கேடுகளுக்குக் கடவுளிடம் கணக்குக் கொடுக்க மன்னர் அழைக்கப்பட்டார் என்று முடிக்கிறார். மன்னர் நிலவறையில் அடைத்துக் கொல்லப்பட்டார் என்னும் செவிவழிக் கதையோடு இக்கூற்று பொருந்தவில்லை. மராத்தியத் தலைவர் எக்கோசி தஞ்சையைக் கைப்பற்றியது 1674 என்றும் 1676 என்றும் கூறுவர். 1676ஆம் ஆண்டுக் கடிதம் பிந்தைய ஆண்டுக்குத் துணையாகக் காட்டப்படுகிறது. சக ஆண்டும் அறுபதாண்டுப் பெயர்களும் வழங்கிய நாட்டில், கிறித்து ஆண்டு குறித்த இத்தாள்கள் நாயக்கர் காலவரிசைக்குப் பெருந்துணை.

1773இல் சபை கலைக்கப்பட்டது. மீண்டும் இயேசு சபையின் பிரெஞ்சுத் துறவியர் 1837இல் மதுரை மிஷனுக்கு வந்தனர். பெர்த்ராந்து அடிகள் கடிதங்களைப் பிரெஞ்சில் நான்கு தொகுதிகளாக (1847–1854) வெளியிட்டார். நெல்சன் தம் மதுரை நூலுக்கு (1868) அவற்றைப் பயன்படுத்தினார். பெஸ் அடிகள் 1914இல் மதுரை மிஷன் பங்குகளின் வரலாற்றைத் தொகுத்தார்.

செண்பகனூர்த் துறவியருள் ஆங்கிலாது அடிகள் எழுத்தே இல்லாத காலத்தையும் தேடினார். பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி நியூட்டனுடன் அவர் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஆண்டு பொறிக்காத அக்கற்களை அளந்து வரைந்த பொறுமை போற்றத்தக்கது.

பிற்காலத்தில் ச. இராசமாணிக்கம் அடிகள் நோபிலியின் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். நாயக்கர் காலத்தை ஆய்வோர் சத்தியநாத ஐயர் நூலின் (1924) பிற்சேர்க்கையோடு நில்லாமல் முழுக் கடிதங்களையும் படிக்க வேண்டும்.