பீம்பேட்காப் பாறைகள் சொல்லும் வரலாறு

தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் புகைவண்டி, போபாலைக் கடந்து இட்டார்சியை நோக்கி விரையும்போது, காடு சூழ்ந்த குன்றுத்தொடர் ஒன்று சாளரத்தின் வழியே தென்படும். வட இந்தியாவில் வாழும் தமிழர்களாகிய நாம் ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறோம். அவ்வேளையில் நம்மிற் பலர் உறங்கிக்கொண்டிருப்போம். அல்லது கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சென்றவனே.

1957-ஆம் ஆண்டில் இதே இருப்புப்பாதையில் சென்ற ஒருவர் அக்குன்றுகளை உற்று நோக்கினார். அவர்தாம் உஜ்ஜயினியில் வாழ்ந்த ஓவியரும் தொல்லியல் அறிஞருமான விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர். பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஆதிமனிதர் ஓவியம் தீட்டிய பாறைகளை அவை அவருக்கு நினைவூட்டின. அவர் குன்றேறிச் சென்று பார்த்தார். பீம்பேட்காவின் ஓவியங்கள் உலகிற்குத் தெரியவந்தது இவ்வாறுதான்.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் நானும் அங்கே சென்றேன். போபாலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பேருந்தை விட்டிறங்கி, இருப்புப்பாதையைக் கடந்து, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். தேக்கு மரங்களினூடே பாதை மெல்ல உயர்கிறது. உச்சியை அடைந்ததும் கோட்டை மதில்களைப் போன்ற பாறைகள் திடீரென எதிர்ப்படுகின்றன. ஆனால் அவற்றை எழுப்பிய கொத்தன் ஒருவனும் இல்லை. ஆழமற்ற கடலில் படிந்த மணல் இறுகிப் பாறையாயிற்று. அப்பாறையின் வெடிப்புகளில் நீர் புகுந்தது. நீரும் காற்றும் வெயிலும் சேர்ந்து அடிப்பகுதியைக் குடைந்து, மேற்பகுதியைக் கூரையாக விட்டுவைத்தன. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சிய மனிதன் அக்கூரைகளின் கீழ் ஒதுங்கினான்.

இவ்வட்டாரத்தில் இத்தகைய புகலிடங்கள் 700-க்கு மேல் உள்ளன. அவற்றுள் 400-க்கு மேற்பட்டவற்றில் ஓவியங்கள் காணப்படுகின்றன. யானையும் கடமானும் காட்டெருமையும் ஒரே பாறையில் நெருங்கி நிற்கின்றன. வேறோரிடத்தில் கைகோத்து ஆடும் மாந்தர். இன்னோரிடத்தில் குதிரை வீரர். பழைய ஓவியத்தை அழிக்காமலே அதன்மேல் புதியதைத் தீட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஒரே சுவரில் காண்கிறோம்.

ஒவ்வொரு காலத்தாரும் இப்பாறைகளுக்குத் தத்தம் பொருளைக் கூறினர். ஊர் மக்கள் இதனைப் பாண்டவருள் ஒருவனான பீமன் அமர்ந்த இடம் என்றனர். 1888-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று பௌத்தத் தலமென்றது. 1970-களில் நடந்த அகழாய்வுகளோ பழைய கற்காலத்துக் கைக்கோடரிகளை வெளிக்கொணர்ந்தன. 2003-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அண்மைக் கதையொன்றும் உண்டு. 2020 மார்ச்சில் தில்லியில் கூடவிருந்த அனைத்துலக நிலவியல் மாநாடு கொள்ளைநோயால் தடைப்பட்டது. அதற்கென வந்திருந்த அறிஞர் சிலர் பீம்பேட்காவுக்குச் சென்றனர். இங்குள்ள பெரிய குகையின் கூரையில் இலை போன்ற வடிவமொன்றைக் கண்டு, அது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த 'டிக்கின்சோனியா' என்னும் உயிரின் புதைபடிவம் என்று 2021-இல் வெளியிட்டனர். இது சிறிய செய்தியன்று. இப்பாறையின் வயது 100 கோடி ஆண்டுகளா, 55 கோடியா என்பது நெடுநாளைய வழக்கு. அப்படிவம் மெய்யானால் வழக்கு தீர்ந்துவிடும்.

பின்னர் வேறொரு குழுவினர் அதே கூரையை நுணுகி ஆராய்ந்தனர். அவ்வடிவம் பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அருகே தேன்கூடுகளும் இருந்தன. கூரையில் ஒட்டியிருந்தது அழிந்துபோன தேன்கூட்டின் மிச்சமே என்று 2023-இல் எழுதினர். முன்னர்க் கூறிய ரெட்டலாக் என்ற அறிஞர் தம் பிழையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்னை இந்நிகழ்ச்சி வெகுவாகச் சிந்திக்கச் செய்தது. மூலத்தில் இல்லாத பொருளை இருப்பதாகக் கண்டு எழுதிவிட்டுப் பின்னர் நாணியதுண்டு. பிழை நேர்வது இயல்பு; மூலத்தை மீண்டும் பார்க்க மறுப்பதே குற்றம். பீமனின் இருக்கை, பௌத்தத் தலம், கடலுயிரின் படிவம் என்று யார் எதைச் சொன்னபோதும் பாறை அங்கேயே இருந்தது. ஐயமுற்றவர் திரும்பிச் சென்று பார்க்க முடிந்தது. ஓவியத்தின்மேல் பெயரைக் கீறுவோர் அழிப்பது பிற்காலத்தாருக்குரிய அந்த வாய்ப்பையே.

பீம்பேட்காவைச் சூழ்ந்த ரத்தாபானிக் காடு 2024 டிசம்பரில் புலிகள் காப்பகமாகி, வாகண்கரின் பெயரைப் பெற்றது. சாளரத்தின் வழியே கண்திறந்து பார்த்த பயணிக்கு அது தக்க சிறப்பே. நேயர்களே, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, போபால் கடந்ததும் குழந்தைகளை எழுப்பி, அக்குன்றுகளைக் காட்டுங்கள். இயன்றால் ஒருநாள் இறங்கி, நடந்தும் பாருங்கள்.