இராமேசுவரத் தீவும் இருவகைக் காற்றும்

ஒரு தீவின் வரலாற்றை அரசர்களைக் கொண்டு எழுதலாம். கோயில் திருப்பணிகளைக் கொண்டும் எழுதலாம். இராமேசுவரத் தீவைப் பொறுத்தவரை இவ்விரண்டும் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. சேதுபதிகளின் கொடைகளும், கோயிலின் நெடிய பிரகாரங்களும், 1897 ஜனவரி 26 அன்று கொழும்பிலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியதும் அன்பர்கள் பலரும் அறிந்த செய்திகளே. ஆனால் அத்தீவில் யார் எப்போது எந்தக் கரையில் இறங்க முடியும் என்பதை முடிவு செய்தது அரசாணை அன்று, காற்று. அந்தக் காற்றை முன்னிறுத்தித் தீவின் கதையைப் பார்க்கும் ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

இம்முயற்சிக்கான தூண்டுதல் நூலகத்தில் கிடைக்கவில்லை. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழும் எங்களில் சிலர், பாய்ப்பலகை ஓட்டும் ஆசையால் ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் இராமேசுவரத்துக்குப் போய்வரத் தொடங்கினோம். பாய்ப்பலகை என்று நாம் சொல்வது, விண்ட்சர்ஃபிங் என்ற பெயரில் உலகம் அறிந்த விளையாட்டின் கருவியை. சென்னையின் மேற்குப் புறநகரில் ஏரிகளுக்குக் குறைவில்லை; கடல்தான் இல்லை. ஆடியில் கண்ட கரையும் தையில் கண்ட கரையும் ஒரே கரைதானா என்று ஐயுறும்படி அங்கே கடல் மாறிக் கிடந்தது. அந்த ஐயமே எங்களைப் பழைய செய்திகளைத் தேட வைத்தது.

இரு கடல், இரு காற்று

தீவின் வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. தென்கிழக்காக நீளும் தனுஷ்கோடி மணல்திட்டில் நின்றால் இரண்டையும் ஒருசேரக் காணலாம். வடக்கே உள்ளதைப் பெண் கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண் கடல் என்றும் அங்குள்ளோர் அழைப்பர். ஒன்று ஆழம் குறைந்தது, அமைதியானது. மற்றொன்று ஆழமானது, அலை மிகுந்தது. சுற்றுலாப் பயணியர் பெரும்பாலும் இவ்வளவில் திருப்தியுற்றுத் திரும்பிவிடுகின்றனர்.

ஆனால் இந்தக் குணங்கள் நிலையானவை அல்ல. மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்; தீவின் மறைவில் கிடக்கும் வடகடல் தகடுபோல் இருக்கும். ஐப்பசிக்குப் பின் காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் நிலைமை தலைகீழாகும். அப்போது பாக் விரிகுடாவில் குட்டையான அலைகள் அடுத்தடுத்து வந்து மோதும். மன்னார் வளைகுடாவின் கரையோரம் அடங்கிக் கிடக்கும். காற்றுக்கு மறைவான பக்கம் எதுவோ அதுவே அப்பருவத்தின் பெண் கடல். இந்த உண்மையை ஒட்டியே தீவின் மீனவர்கள் தலைமுறைகளாகப் பருவத்துக்கு ஒரு கரையென இடம்பெயர்ந்து தொழில் செய்துள்ளனர். இடம்பெயர்தலைக் குறிக்கும் 'வலசை' என்ற சொல், எதிரே உள்ள நிலப்பகுதியில் பிரப்பன்வலசை போன்ற ஊர்ப்பெயர்களிலும் தங்கியிருக்கிறது.

இக்காற்றின் வலிமைக்குக் காரணம் நில அமைப்பு. ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனை; மறுபுறம் இலங்கையின் நடுமலைத் தொகுதி. இவ்விரண்டுக்கும் இடையே நெருக்கப்படும் தென்மேற்குக் காற்று, மன்னார் வளைகுடா வழியே விரைவு கூடிப் பாய்கிறது. கடலில் காற்றாலை நிறுவுவதற்கு இந்தியாவில் ஏற்ற இடங்களைத் தேடியபோது குசராத்துக் கடலோடு மன்னார் வளைகுடாவும் தேர்வானது இதனாலேயே.

இதே காற்று நம் ஊரையும் தொடாமல் விடுவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வலுக்கும் நாட்களில் சென்னையின் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். மெரினாவில் குளிர்ந்த பின்னும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் வெந்துகொண்டிருக்கும். நாம் இங்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடற்காற்றுக்குக் காத்திருக்கும் அந்தப் பருவம்தான் அங்கே பாய் விரிக்க உகந்த பருவம் என்பதைப் பல பயணங்களுக்குப் பின்பே உணர்ந்தோம்.

பாய் கட்டியவர்கள்

காற்றைப் பணிகொள்ளும் கலை தமிழர்க்குப் புதிதன்று. கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், அவனுடைய முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய செய்தியைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் சொல்கிறார். வாடை, தென்றல், கொண்டல், கோடை என நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்த மொழி இது. கடற்கரை ஊர்களில் இவற்றோடு கச்சான், சோழகம் என்ற பெயர்களும் வழங்குகின்றன. ஊருக்கு ஊர் இவை சுட்டும் திசை சற்றே வேறுபடுவதுண்டு.

பாக் விரிகுடாவின் படகுகளுள் 'வத்தை' சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. நீண்ட உடலும் பெரிய பாய்களும் கொண்ட இப்படகின் குறுக்கே ஒரு பலகையைக் காற்று வரும் பக்கமாக நீட்டி வைப்பர். பாயில் காற்று நிறைந்து படகு ஒருபுறம் சாயும்போது, ஆட்கள் அப்பலகையின் மீது நகர்ந்து தம் உடல் எடையால் அதை நிமிர்த்துவர். காற்று கூடினால் பலகையின் நுனிக்கு நகர்வர். குறைந்தால் உள்ளே வருவர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சமநிலைப் பலகையை விவரித்திருக்கிறார்.

எதிர்க்கரையின் திறமையும் குறைந்ததன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

பலகையின் கதை

இனி விளையாட்டுக்கு வருவோம். பாய்ப்பலகையைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்காவில் நியூமன் டார்பி 1960களின் நடுவில் பலகையொன்றில் பாய் பொருத்தி ஓட்டினார். அதன் செய்முறை 1965இல் அச்சில் வந்தது. கலிபோர்னியாவின் ஜிம் டிரேக்கும் ஹோயில் ஷ்வைட்சரும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1970இல் பெற்றனர். பின்னாளில் இங்கிலாந்தில் அவ்வுரிமை குறித்து வழக்கு நடந்தபோது, ஹேலிங் தீவைச் சேர்ந்த பீட்டர் சில்வர்ஸ் 1958இல், தம் 12ஆம் வயதில், பலகையும் பாயும் சேர்த்து ஓட்டியது சான்றாக முன்வைக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது; காப்புரிமை செல்லாதென்று ஆயிற்று. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. ஹாங்சோ நகரில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஈபாத் அலி இதில் வெண்கலம் வென்றார்.

பலகையில் சுக்கான் கிடையாது. பாய்மரத்தின் அடி எத்திசையிலும் சாயும்படி ஒரு மூட்டால் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். பாயை முன்னே சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். மற்றபடி எல்லாம் உடல் எடைதான். கைகளால் குறுக்குக் கழியைப் பற்றிக்கொண்டு, காற்று வரும் பக்கம் உடலைச் சாய்த்துத் தொங்கவேண்டும். வத்தையின் பலகைமீது நகர்ந்தவர்கள் செய்ததும் இதைத்தான். அங்கிருந்து இது பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லச் சான்று எதுவும் இல்லை. ஆனால் ஒரே சிக்கலுக்கு இரண்டு கரைகளில் ஒரே விடை கிடைத்திருக்கிறது என்று சொல்லத் தடையில்லை.

மதித்ததும் மறந்ததும்

தீவின் அண்மைக்கால வரலாற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று நிற்கிறது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில்பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். மீண்டும் ரயிலில் கொழும்பு. 'போட் மெயில்' என்ற பெயர் இவ்வாறு வந்தது. பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சமிக்ஞை சிவப்பாகும், ரயில் நின்றுவிடும். காற்றின் சம்மதமின்றித் தீவுக்குள் நுழைய முடியாது என்பதைப் பொறியாளர்களும் ஒப்புக்கொண்டதற்கு அச்சிறு கருவியே சாட்சி.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் நிகழ்ந்தது எல்லாக் கருவிகளையும் மீறியது. இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த புயல், பேரலையுடன் தனுஷ்கோடியின் மேல் ஏறியது. பாம்பனிலிருந்து புறப்பட்டு ஊரை நெருங்கிக்கொண்டிருந்த 653ஆம் எண் பயணியர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோரோடு கடலுக்குள் சென்றது. ரயில் நிலையம், அஞ்சலகம், தேவாலயம், வீடுகள் அனைத்தும் அழிந்தன. வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது. ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. அழிவுக்கு ஒன்றரை ஆண்டுக்குள், 1966 ஏப்ரலில், மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திக் கடந்தார். அவருக்கு வாய்த்த மாதம் எதுவென்று பாருங்கள்! வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத இடைக்காலம் அது. ஒரே நீர்ப்பரப்பு, மார்கழியில் ரயிலை விழுங்கியது. பங்குனியில் மனிதனுக்கு வழிவிட்டது.

பிறகு சாலைகள் வந்தன. 1988இல் பாம்பன் சாலைப்பாலம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. 2025 ஏப்ரல் 6 அன்று, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில்பாலம். வந்து சேர்வது எளிதாக எளிதாக, காற்றைக் கேட்டுப் புறப்படும் பழக்கம் பயணிகளிடம் இல்லாமற்போனது.

பருவம்தோறும்

எங்கள் பயணங்களில் கற்றதைச் சுருங்கச் சொல்வோம். கச்சான் பருவத்தில் தென்கரை தேர்ந்தவர்களுக்கானது. கற்போர்க்கு மணல்திட்டுகளுக்கு இடைப்பட்ட ஆழமற்ற நீரே தகும். வடகரை அப்போது அமைதியாகத் தோன்றினும் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பாய் கைநழுவினால் பலகையோடு ஆளும் வெளிக்கடலுக்குப் போகவேண்டியதுதான். கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் கடலே ஆபத்தானது என்ற இப்பாடத்தை மீனவர் வீட்டுச் சிறுவர்கள் நடைபழகும்போதே அறிந்துவிடுகின்றனர். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அபாயம் உண்டு. பலகையைத் தொடாமல் இருப்பதே அறிவு. தையில் மழை ஓய்ந்து, வாடை சீராக வீசும். எதிரே வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பெரும் பட்டங்கள் ஏறுவதும் இக்காற்றில்தான். பங்குனியில் காற்றே இராது. சும்மா அமர்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

அந்தக் குளிர்காலத்தில் தனுஷ்கோடியின் உப்புநீர்ப் பரப்புகளில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். சுமார் 524 ஹெக்டேர் பரப்பை அவற்றுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. காற்றை நம்பி வருவோர் நாம் மட்டும் அல்லர் என்பதால், அவை மேயும் இடங்களுக்கு அருகே பாய் விரிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை நாங்களே வகுத்துக்கொண்டோம். தென்கடலின் 21 தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதையும் பாய்ப்பலகையோடு செல்லும் அன்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

சொற்கள் யாரிடம்?

எஞ்சியிருக்கும் ஒரு செய்தி எங்களை உறுத்துவது. விசைப்படகுகளும் படகோடு பொருத்தும் எஞ்சின்களும் வந்தபின் பாய்கள் இறங்கின. உழைப்பு குறைந்தது, கரைக்கு விரைந்து மீள முடிந்தது. இதில் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் பாய் போனபோது அதைச் சூழ்ந்திருந்த சொற்களும் போகத் தொடங்கின. காற்று எப்போது திரும்பும், மேகத்தின் எந்த நிறத்துக்கு எந்தக் காற்று, நீரோட்டம் காற்றோடு மாறுபட்டால் என்ன செய்வது என்பவற்றை முதியவர்கள் சொற்களாகவே வைத்திருக்கின்றனர். கைப்பேசியோ காற்றை எண்ணாகக் காட்டுகிறது. எண் இருந்தால் பாய் விரிக்கலாம். விரித்த பாயை எப்போது சுருட்டுவது என்பதற்கு அந்தச் சொற்கள் வேண்டும்.

கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்க அறிஞர்கள் பலர் உழைத்தனர். இச்சொற்களுக்குக் கல் இல்லை; அவற்றைச் சொல்லும் மனிதர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த பயணங்களில் பலகையோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். கடற்கரை ஊர்களில் உறவும் நட்பும் உள்ள வாசகர்கள், தத்தம் ஊரில் காற்றுக்கு வழங்கும் பெயரையும் அது வீசும் திசையையும் மாதத்தையும் கேட்டு எழுதி வைப்பார்களாயின், தீவின் இந்த வரலாறு இன்னும் சற்று முழுமை பெறும்.